பாஸ் தூண்டிலோடு விரால் பிடிக்கப் போகிறவர்களுக்கு: வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

போன ஆவணியில் அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு கந்தளாய்க் குளத்துக்குப் போயிருந்தேன். அவன் கையில் புது ரொட் (தூண்டில் கம்பு), புது ரீல் (நூல் சுற்றும் பொறி), ஒரு பெட்டி நிறைய லூர், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரை. முதல் வீச்சிலேயே மூன்று முள் கொத்து இரண்டு தொங்கும் கிராங்க் பெய்ட் (மீன் வடிவக் கெட்டி லூர்) ஒன்றை நேரே சல்வீனியாப் பாசிக்குள் எறிந்தான். இழுத்தான், வரவில்லை. இன்னும் இழுத்தான், நூல் அறுந்தது. அரை மணித்தியாலத்தில் மூன்று லூர் போய்விட்டது. "மாமா, வீடியோவில இதைப் போட்டுத்தானே பிடிக்கிறாங்க?" என்றான்.

வீடியோவில் அதைப் போட்டுத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் அங்கே பிடிபடும் மீன் வேறு, அந்தத் தண்ணீரும் வேறு. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். லூர் போட்டு மீன் பிடிக்கும் ஆசை திருகோணமலைப் பிள்ளைகளிடம் இப்போது நன்றாகப் பரவியிருக்கிறது. அவர்கள் சேர்த்து வைத்த காசு பாசிக்குள் போவதைப் பார்க்க மனம் வரவில்லை.

எந்த மீனுக்கு வாங்குகிறோம்?

பெரும்பாலான லூர் வீடியோக்கள் லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனைப் பற்றியவை. அது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். ஜப்பானுக்கு 1925இல் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயும் பெருகிவிட்டது. நம் குளங்களில் அது இல்லை. நமக்கு இருப்பது விரால். ஆறு கடலோடு சேரும் இடங்களிலும் களப்புகளிலும் கொடுவா இருக்கிறது. கொடுவாவையும் ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் உண்டு. பெயரில்தான் ஒற்றுமை, குடும்பமே வேறு.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. பாஸும் விராலும் வேட்டையாடும் விதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுக்கும் பெரிய வாய். இரண்டும் இலை மறைவில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் ஏதாவது துடித்தால் பாய்ந்து அடிக்கும். அதனால் பாஸுக்காகச் செய்த சாமான்களில் ஒரு பகுதி விராலுக்கு அச்சாகப் பொருந்தும். எந்தப் பகுதி என்று தெரியாமல் முழுப் பெட்டியையும் வாங்குவதுதான் முதல் தவறு.

எனவே கடைக்குப் போகும் முன் குளத்துக்கு ஒருமுறை வெறுங்கையோடு போங்கள். விடியற்காலையில் குளக்கட்டில் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். விரால் காற்றைக் குடிக்கும் மீன், மூச்செடுக்க மேலே வந்துதான் ஆக வேண்டும். 'பொளக்' என்று ஒரு சத்தம், அப்புறம் இரண்டு மூன்று குமிழி. அது எங்கே நடக்கிறது? தாமரை இலைக்கு நடுவிலா, சல்வீனியா ஓரத்திலா, துருசுக்குப் பக்கத்தில் திறந்த தண்ணீரிலா? அந்த இடத்தைப் பார்த்துவிட்டால் வாங்க வேண்டிய லூர் பாதி முடிவாகிவிட்டது.

முள் வெளியே தெரியும் லூர்

பாசி உள்ள குளத்துக்கு மூன்று முள் கொத்து வைத்த லூரை வாங்காதீர்கள். எவ்வளவு அழகாக நீந்தினாலும் சரி, வேண்டாம். ஒவ்வொரு வீச்சும் ஒரு கொத்துப் பாசியோடுதான் திரும்பி வரும். காசு மட்டும் போவதில்லை. அறுந்த முள் குளத்தில் கிடக்கும். அதே கரையில்தான் ஊர்ச்சனம் குளிக்கிறது, வலைக்காரர் வெறுங்கையால் வலை இழுக்கிறார்கள், கொக்கும் நாரையும் நடக்கின்றன.

விராலுக்கு என் முதல் தெரிவு உள்ளே வெறுமையான ரப்பர் தவளை. அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். தாமரை இலை மேல் ஏறி, சறுக்கி, அடுத்த இடைவெளியில் விழும், எதிலும் மாட்டாது. மீன் வாயை மூடும்போது ரப்பர் நசுங்கி முள் வெளியே வரும். வாங்கும்போது தவளையின் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதும் முள் நுனி வெளியே வர வேண்டும். பலமாக நசுக்கினாலும் வெளியே வராத கெட்டி ரப்பர் தவளைகள் மலிவாகக் கிடைக்கும். அதை விரால் கவ்வும், இரண்டு முழம் இழுக்கும், துப்பிவிடும். அப்புறம் முள் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் கீறிப் பிடித்தால் கூர் இருக்கிறது. வழுக்கினால் அரத்தால் தீட்ட வேண்டும். விராலின் வாய் எலும்பு, மழுங்கிய முள் ஏறாது.

தவளையை வாங்கியவர்கள் செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. தண்ணீர் வெடித்தது போல மீன் அடிக்கும், பதற்றத்தில் உடனே ரொட்டைச் சுண்டிவிடுவார்கள். தவளை பறந்து முகத்துக்கு வரும். விரால் அடித்ததும் ஒன்று, இரண்டு என்று மனதில் எண்ணுங்கள். நூல் நகர்வதைக் கண்டபின், அல்லது கையில் பாரம் தெரிந்தபின், பலமாகச் சுண்டி இழுங்கள். இதற்குக் கை பழக மாதங்கள் ஆகும்.

மீன் மூச்சு விட்ட இடத்தில் நேரே தவளையைப் போடுவதும் வேண்டாம். அதைத் தாண்டி ஒரு பாகம் (ஆறு அடி) தள்ளிப் போட்டு, அந்த வழியாக இழுத்து வாருங்கள்.

திறந்த தண்ணீருக்கு ஸ்பின்னர் பெய்ட் நல்லது. ஒற்றை முள், மேலே கம்பியில் சுழலும் தகடு. கம்பி முன்னால் போவதால் முள் அவ்வளவாக மாட்டாது. மென்ரப்பர் புழு வாங்கினால் முள் நுனியை ரப்பருக்குள் புதைத்துக் கட்டும் முறையைக் கற்றுக்கொண்டு வாங்குங்கள். அந்தப் புழுக்களை மற்ற லூரோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். நம்மூர் வெயிலில் மோட்டார் சைக்கிளில் பெட்டி ஒரு பகல் கிடந்தால் போதும், ரப்பர் இளகி, கெட்டி லூரின் பூச்சையும் கரைத்து எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

நிறத்துக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள், தெளிந்த தண்ணீருக்குப் பச்சை அல்லது மண்ணிறம். தவளையைக் கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு அதன் நிழல்தான் தெரியும். முதுகில் உள்ள புள்ளிகள் கடையில் நிற்கும் நமக்குத்தான்.

ரொட்டில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கும்: எத்தனை கிராம் லூர் வீசலாம், எத்தனை இறாத்தல் நூல் போடலாம். நீளத்தையும் நிறத்தையும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். 7 முதல் 21 கிராம் என்று போட்ட ரொட்டில் 12 கிராம் தவளை நன்றாகப் பறக்கும். அதே ரொட்டில் 40 கிராம் கரண்டி லூரைக் கட்டி முழுப் பலத்தோடு வீசினால் நுனி முறியலாம். 3 கிராம் லூரைக் கட்டினால் ரொட் வளையாது, லூர் காலடியில்தான் விழும்.

பாசிக்குள் விரால் பிடிக்க மீடியம் ஹெவி (சற்று விறைப்பான) ரொட் வேண்டும், ஆறரை முதல் ஏழு அடி வரை. முள் ஏறிய கணமே மீனின் தலையைத் திருப்பி மேலே கொண்டுவர வேண்டும். மெல்லிய ரொட் வளைந்துகொண்டே நிற்கும், அதற்குள் மீன் தண்டுகளைச் சுற்றிவிடும்.

ரீலில், தொடக்கக்காரர் பெய்ட்காஸ்டர் (வீசும்போது உருளையே சுழன்று நூலை விடும் வகை) வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. வீடியோவில் அழகாகத்தான் இருக்கும். பெருவிரலால் உருளையைச் சரியான நேரத்தில் அடக்கத் தெரியாவிட்டால் நூல் குருவிக்கூடாகிவிடும். அதிலும் ஆனி, ஆடியில் கச்சான் காற்று எதிரே அடிக்கும்போது பழகியவர்களுக்கே கஷ்டம். 3000 அளவில் ஒரு ஸ்பின்னிங் ரீல் (உருளை சுழலாமல் நூல் கழன்று போகும் வகை) குளத்துக்குப் போதும். வீசியபின், நூலைப் பிடிக்கும் கம்பி வளையத்தைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையால் மூடிப் பழகுங்கள், நூல் முறுக்கேறுவது குறையும்.

நூல்: அதிகம் இழப்பது இங்கேதான்

தங்கூசி (ஒற்றை நைலோன் நூல்) மலிவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும். ஆனால் இழுபடும், நாலில் ஒரு பங்கு வரை கூட நீளும். இருபது மீட்டருக்கு அப்பால் தவளையை அடித்த விராலுக்கு நீங்கள் சுண்டுவது போய்ச் சேர்வதே இல்லை. பாசிக்குப் பின்னல் நூல் வேண்டும். பிரெய்ட் என்று கேளுங்கள், 40 இறாத்தலுக்குக் குறையாமல். மெல்லியதாக இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. 30 இறாத்தல் பிரெய்ட் ஏறக்குறைய 8 இறாத்தல் தங்கூசியின் தடிப்புத்தான்.

பிரெய்ட்டை நேரே உலோக உருளையில் சுற்றினால் முழுச் சுற்றும் வழுக்கி உருளும். மீன் இழுக்கிறது, ரீல் சத்தம் போடவில்லை, நூல் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கும் ஒருமுறை இப்படி நடந்து, ரீல் பழுது என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. முதலில் பத்துச் சுற்றுத் தங்கூசி சுற்றி, அதில் பிரெய்ட்டைக் கட்டுங்கள். உருளையின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் வீசும்போது கொத்தாகக் கழன்று வரும்.

முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நூல் உரசிச் சூடாகும், அந்த இடத்தில்தான் பிறகு அறும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழ நூலை விரல்களுக்கிடையில் உருவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் யோசிக்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

ட்ராக்கை (மீன் இழுக்கும்போது ரீல் நூல் விடும் இறுக்கத்தை) நூலின் பலத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் இறுக்காதீர்கள் என்பது பொதுவான கணக்கு. கையால் இழுத்து ஊகிக்க வேண்டாம். மீன் நிறுக்கும் கைத்தராசைக் கொளுவி இழுத்தால் சரியாகத் தெரியும்.

கொடுவாவுக்கு அதே சாமான் போதாது

இந்தத் தவறு மனதை அதிகம் நோகடிக்கும். குளத்தில் இரண்டு விரால் பிடித்த துணிவில் அதே ரொட்டோடு உப்பாறு, இறால்குழிப் பக்கம் கொடுவாவுக்குப் போவார்கள். பாஸ் மீனின் உலக சாதனை 22 இறாத்தல் 4 அவுன்ஸ். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் 1932இல் பிடிபட்டது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடித்ததும் அதே அளவுதான். அதாவது பாஸ் சாமான் செய்கிறவர்களின் கனவே 10 கிலோவோடு முடிகிறது. கொடுவா அதைவிடப் பல மடங்கு வளரும் மீன்.

கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி. வாயின் உட்புறம் அரத்தாள் போலச் சொரசொரப்பு. பிரெய்ட்டை நேரே லூரில் கட்டினால் அந்த ஓரம் பட்டதும் போய்விடும். 40 முதல் 60 இறாத்தல் தடித்த தங்கூசியில் ஒரு மீட்டர் அளவு லீடர் (பிரெய்ட்டுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் துண்டு) போடுங்கள். கண்டல் வேர்களுக்குள் போடுவதாக இருந்தால் இன்னும் தடிப்பாக.

பாஸுக்கான மினோ (சிறு மீன் வடிவ) லூர்களில் வரும் மூன்று முள் கொத்தும் அதைக் கொளுவியிருக்கும் வளையமும் மெல்லிய கம்பி. கொடுவா மேலே பாய்ந்து தலையை உதறும்போது அவை நிமிர்ந்துவிடும். வாங்கியவுடனேயே தடித்த முள்ளுக்கு மாற்றிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். முள்ளின் பாரம் கூடியதால் மிதக்க வேண்டிய லூர் தாழக்கூடும்.

இன்னொன்று. வீடியோவில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று வீசுவார்கள். நம் குளங்களிலும் ஆற்று முகங்களிலும் முதலை இருக்கிறது. லூர் மாட்டிக்கொண்டால் இறங்கி எடுக்கப் போகாதீர்கள், நூலை வெட்டிவிடுங்கள். கந்தளாய்ப் பக்கம் பொழுதுபட முன் கட்டை விட்டு வந்துவிடுங்கள், யானை வரும்.

குளத்தில் விராலின் சிவந்த குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் மொய்ப்பதைக் கண்டால் அங்கே லூர் போடாதீர்கள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும், பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

உப்புத் தண்ணீரிலிருந்து வந்த அன்றிரவே ரீலைக் கழுவ வேண்டும், அடுத்த நாளைக்கு வைக்கக் கூடாது. ட்ராக்கை இறுக்கி மூடி, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்து, துணியால் துடையுங்கள். குழாயைப் பலமாகத் திறந்து பிடித்தால் உப்பு உள்ளே போகும். நிழலில் காய்ந்தபின் ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள். மருமகன் இப்போது இதைச் சரியாகச் செய்கிறான். அவனுடைய பெட்டியில் இன்று இரண்டு தவளை, ஒரு ஸ்பின்னர் பெய்ட், ஒரு சிறிய அரம். போன கிழமை ஒன்றரைக் கிலோ விரால் ஒன்று கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தான்.