லைசன்ஸ் எடுத்த பிள்ளையை வன்னி வீதிக்குப் பழக்குவது எப்படி

கிளிநொச்சியில் ஒரு லேனர்ஸில், அதாவது வாகனம் ஓடப் பழக்கும் பள்ளியில், மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் பழக்குகிறேன். பிள்ளைகள் என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கூட்டமாக வருவார்கள். எட்டுப் போடவும், கைச் சமிக்ஞை காட்டவும், கிளச்சை மெதுவாக விடவும் பழக்கி, லைசன்ஸுக்கான ஓட்டப் பரீட்சையான ட்ரையலுக்கு அனுப்புகிறோம். அநேகம் பேர் பாஸ் பண்ணிவிடுவார்கள். ஆனால் அந்த ட்ரையல் பகல் வெளிச்சத்தில், மெதுவான வேகத்தில், பின்னால் ஆள் இல்லாமல் நடக்கிறது. பிள்ளைகள் விழுந்தார்கள் என்று எனக்கு வரும் செய்திகளோ இரவு நேரத்துச் செய்திகள், மழைக்காலச் செய்திகள், சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு போனபோது நடந்தவை. ட்ரையலில் இல்லாத இந்தப் பாடங்களை வீட்டார்தான் எடுக்க வேண்டும். லைசன்ஸ் கையில் வந்த முதல் ஆறு மாதம் அதற்கான காலம்.

18 வயதுக்கு முன் சாவி கொடுக்காதீர்கள். "குளக்கட்டால மட்டும்தான் ஓடுறவன், அன்ரி" என்று சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பொடியன்கள் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணி வயலுக்குள் இறக்குவார்கள். அதைப் பார்த்துத் தகப்பன்மாருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. வண்டியை நகர்த்தத் தெரிந்துவிட்டது, சரி. எதிரே வரும் டிப்பர் இப்போது என்ன செய்யப் போகிறது என்று கணிக்க அவனுக்கு இன்னும் தெரியாது. லைசன்ஸ் இல்லாத பிள்ளை யாரையாவது மோதினால் காப்புறுதியும் கைவிட்டுவிடும், வண்டியைக் கொடுத்தவரும் பொலிசில் பதில் சொல்ல வேண்டி வரும்.

அந்த வயதில் செய்யக்கூடிய ஒரு நல்ல வேலை உண்டு. நீங்கள் ஓடும்போது பிள்ளையைப் பின்னால் ஏற்றி, வீதியை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "முன்னால பஸ் நிக்குது, ஆள் இறங்கிக் குறுக்கே வரலாம். இடப்பக்க ஒழுங்கையால சைக்கிள் வருது. அங்கால மாடு நிக்குது, கண்டு இந்தப் பக்கம் நிக்குது." கன்று தாயிடம் ஓடும் என்று முன்கூட்டியே சொன்ன பிள்ளைக்கு வீதி விளங்கத் தொடங்கிவிட்டது.

உங்கள் சொந்தத்தில் யாராவது ரொறன்ரோவில் இருந்தால், அங்கே பிள்ளைகளுக்கு எப்படி லைசன்ஸ் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்ராறியோவில் 1994 முதல் படிப்படியாகத்தான் கொடுக்கிறார்கள். 16 வயதில் முதல் படி. அப்போது குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள ஒருவர் காரில் பக்கத்தில் இருக்க வேண்டும், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஓடக்கூடாது. இரண்டாம் படியில் தனியாக ஓடலாம். ஆனால் 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் முதல் ஆறு மாதம் அந்த நள்ளிரவு நேரங்களில் தங்கள் வயதுக் கூட்டாளிகளில் ஒருவருக்கு மேல் ஏற்ற முடியாது. இருட்டும் கூட்டாளிமாரும் சேரும்போதுதான் இளம் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறுகிறது என்பதை வைத்துப் போட்ட சட்டம் அது. எங்கள் நாட்டில் அப்படி நேர அளவு வைத்த படிகள் இல்லை. அதனால் வீட்டிலேயே வைப்போம். உலகம் முழுவதும் 5 முதல் 29 வயதுள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் வீதி விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எங்கள் வீட்டுப் படிகளில் முதல் படி பிறேக். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள். வாகனம் வராத வெறும் மைதானமோ கிரவல் தரையோ போதும், பிறகு தார் வீதி. பொடியன்களில் அநேகம் பேர் காலால் அமத்தும் பின் பிறேக்கை மட்டும்தான் பாவிப்பார்கள். முன் பிறேக் பிடித்தால் தூக்கி எறியும் என்று யாரோ ஒருவர் சின்ன வயதில் சொல்லி வைத்திருப்பார். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் சில்லில்தான் இருக்கிறது. பிறேக் போட்டதும் பாரம் முன்னுக்கு வரும், பின் சில்லு லேசாகிவிடும், அதை மட்டும் அமத்தினால் சறுக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்து, முன் பிறேக்கை வெடுக்கென்று இழுக்காமல் கையை மெல்ல இறுக்கி, வண்டி நேராக இருக்கும்போது பிடிக்கப் பழக்குங்கள். கிரவலில் முன் பிறேக்கை இன்னும் மென்மையாக. வளைவுக்குள் போய்ப் பிறேக் பிடிக்கக் கூடாது, முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

அப்புறம் தூரத்தைக் கண்ணால் காட்டுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிறேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால், பிறேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே 17 மீற்றர் போய்விட்டது. உலர்ந்த தாரில் முழுவதும் நிற்க 27 மீற்றர் அளவு வேண்டும். 60 கிலோமீற்றரில் அது கிட்டத்தட்ட 50 மீற்றர். அந்த 27ஐயும் 50ஐயும் வீதியோரம் காலால் அளந்து, இரண்டு தடி ஊன்றிக் காட்டுங்கள். வாயால் சொன்னால் ஏறாத கணக்கு, தடியைக் கண்டதும் ஏறும்.

இரண்டாம் படி, பகலில் ஏ-9, யாழ்ப்பாணம் போகும் பெருந்தெரு. முதல் நெடும் ஓட்டத்துக்கு நான் சொல்லும் இடம் கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயில். கோயிலடியில் பஸ்கள் சட்டென்று ஓரம் கட்டும், தேங்காயும் கையுமாக ஆட்கள் வீதியைக் கடப்பார்கள், கச்சான் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே வான்காரர் வண்டியை வெட்டுவார். பழக வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். நீங்கள் இன்னொரு வண்டியில் பின்னால் போங்கள். பஸ்ஸை முந்தும் முன் கண்ணாடி பார்த்தானா, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தானா, சிக்னல் போட்டானா என்று கவனித்து, கோயிலடியில் இறங்கிய பிறகு சொல்லுங்கள். ஓடும்போது கத்த வேண்டாம்.

வீதிக்குப் பக்கத்தாலேயே ரயில் பாதை போகிறது. ஏ-9இலிருந்து ஒழுங்கைக்குத் திரும்பியதும் தண்டவாளம் வந்துவிடும் இடங்கள் உண்டு. 2014இல் யாழ்ப்பாணம் வரை ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கிய பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்தக் கடவைகளில் நின்று பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. கடவை திறந்திருந்தாலும், மணி அடிக்காவிட்டாலும், காதில் இருப்பதைக் கழற்றி, வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். ரயிலால் வண்டிக்காக நிற்க முடியாது.

இரவுக்கு மூன்று மாதம் கழித்து விடுங்கள். மாரியில் வயல் எல்லாம் ஈரமாக இருக்க, மாடுகள் தார் வீதியில் வந்து படுக்கும். கறுத்த மாடு வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும். அறுவடைக் காலத்தில் பின் லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி நெல் மூட்டையோடு போகும். ஒட்டுசுட்டான் பக்கம், வவுனியா வடக்குப் பக்கம் யானையும் வரலாம். ஹெட்லைட்டின் தாழ்ந்த வெளிச்சம் காட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம்தான் இரவு வேகம். 40இலேயே நிற்க 27 மீற்றர் வேண்டும் என்ற மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால், 40ஐத் தாண்டாமல் ஓடுவதுதான் நல்லது. எதிர் வாகன வெளிச்சம் கண்ணைக் கூசினால் இடப்பக்க ஓரக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கடைசியாகத்தான் பின்னால் ஆள். ஒருவர் மட்டும், அவருக்கும் ஹெல்மெட். முதலில் தம்பி, தங்கையை அல்ல, நீங்களே ஏறிப் போங்கள். பாரம் கூடும்போது வண்டி எப்படி நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியும். பெண் பிள்ளைகளும் பின்னால் இருக்கும் தாய்மாரும் சால்வையையும் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுங்கள், சில்லுக்குள் போனால் கழுத்தைத்தான் பிடிக்கும்.

ஹெல்மெட்டைப் பெட்ரோல் தாங்கியில் வைத்துப் போவதும், வார் போடாமல் தலையில் கவிழ்ப்பதும் பொலிசுக்காக மட்டும் போடுகிறவர்கள் செய்வது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஹெல்மெட் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது. வாரைப் பூட்டி, நாடிக்குக் கீழே இரண்டு விரல் மட்டும் போகிறதா என்று பாருங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றுங்கள்.

இன்னொன்று, விழுந்தால் என்ன செய்வது என்பதையும் பழக்குங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ், வன்னிக்கும் வரும். இடம் சொல்லத் தெரிய வேண்டும்: எந்த வீதி, பக்கத்தில் எந்தச் சந்தி, கிலோமீற்றர் கல்லில் என்ன எண். காயப்பட்டவரை அவசரத்தில் ஓட்டோவில் மடக்கி ஏற்ற வேண்டாம், மூச்சு இருக்கிறவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம், கழுத்தை அசைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டுப் போன் இலக்கத்தை, பூட்டிய போனிலும் தெரியும்படி அவசர இலக்கமாகப் பதிந்து கொடுங்கள். அதே இலக்கத்தை ஒரு மட்டையில் எழுதி லைசன்ஸோடு வைக்கட்டும், போன் உடைந்தாலும் உதவும்.