தையில் வாங்கி ஐப்பசியில் எரிக்கணும்: விறகடுப்பில் நாம் செய்யும் தவறுகள்

பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் அத்தை வீட்டில் தீபாவளிப் பலகாரம் இன்னமும் விறகடுப்பில்தான். ஒரு வருஷம் முறுக்கெல்லாம் எண்ணெய் குடித்து, எடுத்த விரல் பிசுபிசுத்தது. "மாவுல வெண்ணெய் கூடிருச்சு" என்றார் அத்தை. "இல்லக்கா, உளுந்து சரியா வறுபடல" என்றார் அம்மா. நான் அடுப்பைக் குனிந்து பார்த்தேன். எரிகிற கட்டையின் வெளி நுனியில் தண்ணீர் நுரைத்து, சீறிச் சொட்டிக்கொண்டிருந்தது. புகை மட்டும் குறைவில்லாமல் வந்தது, எண்ணெய் காயவில்லை. சூடு போதாத எண்ணெயில் விழுந்த முறுக்கு, மேல்புறம் சட்டென இறுகாமல் ஊறி, எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாவில் ஒரு குறையும் இல்லை. நான்கு நாளைக்கு முன் லோரியில் வந்திறங்கிய பால்மரக் (ரப்பர் மர) கட்டையில்தான் குறை.

தோட்டத்து வீடுகளில் அடுப்பு இருந்த அளவுக்கு விறகுக்கும் இடம் இருந்தது. கொட்டகையில் அடுக்கி, பழையதை முதலில் எடுத்து எரித்தார்கள். தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடி வந்தபோது அடுப்பைக் கொண்டுவந்தோம், அந்தக் கொட்டகையை விட்டுவிட்டோம். பண்டிகைக்கு முந்தின வாரம் விறகு வாங்கும் பழக்கம் அதிலிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். விறகடுப்பில் நடக்கிற தவறுகளில் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சைக் கட்டையை அடுப்பில் வைத்தால், அரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் மிச்சச் சூடு சட்டிக்குப் போகும். அதுவரை நெருப்பு மந்தமாக இருக்கும், மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமல் புகையாகவே வெளியேறும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகுதான் நன்றாக எரியும். பினாங்கில் மழை செப்டம்பர், அக்டோபரில்தான் கொட்டும். தீபாவளியோ அதை ஒட்டியே வருகிறது. அந்த இரண்டு மாதத்தில் எந்தக் கட்டை காயும்? ஜனவரியும் பிப்ரவரியும்தான் நமக்கு வெயில் காலம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போய் வந்த கையோடு விறகு வாங்கிப் பிளந்து அடுக்கிவிட்டால், ஐப்பசிக்குள் எட்டு ஒன்பது மாதம் கிடைத்துவிடும்.

பிளப்பது முக்கியம். பட்டை தண்ணீரை உள்ளேயே பூட்டி வைக்கும், முழு உருளை லேசில் காயாது. மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, செங்கல் மேல் அடுக்கி, தரையிலிருந்து தூக்கி வையுங்கள். அப்புறம் பலர் செய்கிற தவறு, மழைக்குப் பயந்து கித்தான் போட்டு நாலு பக்கமும் மூடிவிடுவது. உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் வந்துவிடும். மேலே மட்டும் மறைப்பு, பக்கவாட்டில் காற்று, அது போதும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று அடங்கிவிடும். காய்ந்ததன் நுனியில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும்.

விறகு ஈரமாக இருப்பதால்தான் அடுத்த தவறும் வருகிறது: பற்றாத அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது. தணல் சூட்டில் எண்ணெய் ஆவியாகி, ஒரு நொடியில் முகத்துக்கு நேராகப் பற்றும். பெட்ரோல் என்றால் பேச்சே வேண்டாம். தேங்காய்ச் சிரட்டை, உலர்ந்த பாளை, மெல்லிய சுள்ளி இருந்தால் எதையும் ஊற்ற வேண்டியதில்லை.

சும்மா கிடைக்கிறதே என்று பழைய பலகைகளைப் போடாதீர்கள். சாயம் பூசிய கதவு, ஒட்டுப்பலகை, பச்சை படிந்த மருந்தடித்த மரம் எதுவும் சமையலுக்கு ஆகாது. அந்தப் பச்சை மருந்தில் ஆர்செனிக் இருக்கலாம், புகையிலும் சாம்பலிலும் அது வரும். சரக்குப் பலகைகளில் 'MB' (எம்பி) என்று முத்திரை இருந்தால், அது மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது என்று பொருள். தொடவே வேண்டாம்.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிகவும் பயமான விஷயம். நாலு மணிக்கு மழை பிடிக்கும். பாதி பலகாரம் பாக்கி. கரியடுப்பையோ தணல் நிறைந்த சட்டியையோ தூக்கி உள்ளே வைத்து, சாரல் அடிக்காமல் ஜன்னலையும் சாத்திவிடுவோம். புகைதான் இல்லையே என்று நினைப்போம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். வேலைக் களைப்பு என்று படுத்தவர் எழுந்திருக்காமலே போகலாம். ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்குத் தலை வலித்தால் களைப்பு என்று எண்ணாமல் வெளியே வாருங்கள், 999ஐ அழையுங்கள். மழை வந்தால் அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள், மிச்சத்தை கேஸில் சுட்டுக்கொள்ளலாம். இந்த அபாயம் இல்லாவிட்டாலும் புகையே ஆளைக் கெடுக்கும். வீட்டுக்குள் எரிக்கும் எரிபொருளின் மாசால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புகைமூட்டக் காலத்தில் காற்றுக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் அடுப்பையே மூட்டாமல் இருப்பது நல்லது.

கேஸ் அடுப்பைத் திருகி அணைக்கலாம், விறகடுப்பில் அது முடியாது. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடியில் போன தண்ணீர் நொடியில் நீராவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரை தெறிக்கவைக்கும். சட்டியை நகர்த்தாமல் இரும்பு மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடி, கிட்டே போக முடிந்தால் அடுப்பு வாயில் மணலைக் கொட்டுங்கள். மூட்டும் முன்பே மூடியும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், கேஸ் தோம்பு எட்டவே இருக்கட்டும். சட்டிக்கடியில் கட்டைகளைத் திணிப்பதும் தவறு. மெல்லிசாக இரண்டு மூன்று வைத்து, எரிய எரிய நுனியை உள்ளே தள்ளுங்கள். காற்று போக இடம் இருந்தால் விறகும் மிச்சமாகும், புகையும் குறையும்.

வெறும் சிமெண்டுத் தரையிலோ ஓட்டின் மேலோ நெருப்பு மூட்டினால் தரை வெடித்துத் தெறிக்கலாம். மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, அதன் மேல் மூட்டுங்கள். ஆற்றங்கரைக் கல்லும் வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் அதுவும் வெடிக்கும்.

கடைசியில் சாம்பல். மேலே வெள்ளையாக ஆறிக் கிடந்தாலும் உள்ளே தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். அத்தை வீட்டுப் பக்கத்தில் ஒருவர் மறுநாள் காலை சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்ட, மதியத்துக்குள் தொட்டி ஒரு பக்கம் உருகிச் சாய்ந்துவிட்டது. மூடி போட்ட பழைய தகர டின்னில் அள்ளி, தண்ணீர் தெளித்து, சுவரிலிருந்து தள்ளி இரண்டு மூன்று நாள் வையுங்கள். கைவைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால், வாழைக்கடியில் ஒரு பிடி தூவலாம்.