விதை முளைக்கலைன்னா உடனே விதையைக் குறை சொல்லாதீங்க

மிளகாய், தக்காளி விதையை வீட்டுக்குள்ள ஒரு கப்புல போட்டுட்டு நாலாவது நாளே "ஒண்ணும் வரலை, விதை டூப்ளிகேட்"னு முடிவு கட்டுறவங்க நிறைய பேர். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு தடவை மிளகாய் போட்ட கப்பை 9-ஆம் நாள் பொறுக்க முடியாம கவுத்துக் கொட்டிக் கிளறிப் பார்த்தா 6 விதையில 4 வெள்ளையா முளை விட்டிருக்கு, நான் கிளறின வேகத்துல அதுல 3 ஒடிஞ்சும் போச்சு. தக்காளி 5-10 நாள்ல வந்துரும், ஆனா மிளகாய் 1 வாரத்துல இருந்து 2 வாரம் எடுக்கும், ரூம் குளிர்ச்சியா இருந்தா 3 வாரம் கூட ஆகும். 25-30 டிகிரி சூடு இருந்தாத்தான் அதுக்கு ஒழுங்கா முளைக்கவே தோணும், நைட்டு பூரா ஏசி ஓடுற ரூம்ல வெச்சுட்டு ஏன் வரலைன்னு கேட்டா அது என்ன பண்ணும்?

ஊற வைக்கிறதுல ஒரு தப்பு நடக்குது. 8-12 மணி நேரம் போதும், ஆனா மறந்து போய் ரெண்டு நாள் தண்ணியிலேயே விட்டுர்றோம், விதைக்கும் மூச்சு விட காத்து வேணும், தண்ணிக்குள்ள மூழ்கியே கிடந்தா உள்ளேயே அழுகிரும். டிஷ்யூ பேப்பர்ல வெச்சு முளைக்க வைக்கிறவங்களும் இதே கதைதான், பேப்பரை நனைச்சுப் பிழிஞ்சுட்டு வைக்கணும், தூக்கினா சொட்டக் கூடாது. முளைவேர் அரை சென்டிமீட்டர் வந்ததும் மண்ணுக்கு மாத்திருங்க, இன்னும் கொஞ்சம் வளரட்டும்னு விட்டா வேர் பேப்பருக்குள்ள பூந்துக்கும். அப்படி பூந்துட்டா பிச்சு எடுக்காதீங்க, சுத்தி இருக்கிற பேப்பரைக் கத்தரிச்சு அதோடவே புதைச்சிருங்க. எடுக்கும்போது விதையோட ஓட்டைப் பிடிங்க, வேர் பக்கம் விரலே போகக் கூடாது. வேர் கீழ பார்த்த மாதிரி வெச்சா நல்லது, தப்பா வெச்சாலும் அதுவே வளைஞ்சு கீழ போயிரும், அதுக்காக ரொம்ப டென்ஷன் ஆக வேணாம்.

ஆழம் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர், அதிகபட்சம் 1. விரல் முழுசா உள்ள விட்டுக் குழி போட்டா அவ்வளவு மண்ணைத் தள்ளிக்கிட்டு மேல வர்றதுக்குள்ள விதையில இருக்கிற சாப்பாடு தீர்ந்துரும்.

தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளிப் போட்டா ரெண்டு தடவை தண்ணி ஊத்தினதும் செங்கல் மாதிரி இறுகிரும், கோகோபீட்டோட (அதான் தேங்காய் நார்த் தூள்) கொஞ்சம் மண்புழு உரம் கலந்துக்கங்க, கோகோபீட் கட்டியில உப்பு இருக்கும், ஊற வெச்சு அலசிப் பிழிஞ்சுட்டுப் போடுங்க. நாத்துக்குப் போய் யூரியா தூவுறவங்களையும் பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம், வேர் கருகிரும்.

அதிகமா சாகுறது தண்ணியாலதான். முந்தின நாள் ஜம்முனு நின்ன நாத்து காலையில பார்த்தா படுத்துக் கிடக்கும், கிட்டப் போய்ப் பாருங்க, மண்ணை ஒட்டின இடத்துல தண்டு நூல் மாதிரி மெலிஞ்சு பழுப்பாகி இருக்கும். அதுதான் நாற்றழுகல், பூஞ்சை மாதிரி கிருமி வேலை, அந்த நாத்தைக் காப்பாத்தவே முடியாது, வாடிருச்சேன்னு இன்னும் தண்ணி ஊத்துனா பக்கத்துல இருக்கிறதும் சேர்ந்து போகும். ஈரம் போகாம இருக்க மேல கவர் போட்டு மூடியிருப்பீங்க இல்ல, முளை தலை காட்டினதுமே அதை எடுத்துருங்க, கப்புக்கு அடியில ஓட்டை கண்டிப்பா வேணும், ஒரு தட்டுல தண்ணி ஊத்தி 20 நிமிஷம் அடியில இருந்து உறிஞ்ச விட்டுட்டு மிச்சத்தைக் கொட்டிருங்க, மேல் மண்ணு காய்ஞ்சப்புறம்தான் அடுத்த தண்ணி.

அடுத்து வெளிச்சம். ஜன்னலோரம் வெச்சா போதும்னு நினைப்போம், நம்ம கண்ணுக்குப் பளிச்சுனு தெரியுற இடம் செடிக்கு இருட்டா இருக்கலாம், அது வெளிச்சத்தைத் தேடித் தேடி ஒல்லியா நெட்டையா வளர்ந்து சாஞ்சிரும். சின்ன எல்இடி லைட்டா இருந்தா ஒரு சாண் உயரத்துக்குள்ள தொங்க விட்டு ஒரு நாளைக்கு 14-16 மணி நேரம் எரிய விடுங்க. தக்காளி நெட்டையாப் போயிட்டா மாத்தும்போது தண்டையும் சேர்த்து ஆழமாப் புதைச்சிரலாம், புதைஞ்ச இடத்துலயும் வேர் விடும்.

சில நாத்து விதை ஓட்டைத் தொப்பி மாதிரி தலையில மாட்டிக்கிட்டே வெளிய வரும், பார்த்தா கை பரபரன்னு இருக்கும், நகத்தால இழுத்தீங்கன்னா தலையே கையோட வந்துரும். ஸ்ப்ரே அடிச்சு நனைச்சு விட்டாப் போதும், ஊறினதும் பெரும்பாலும் அதுவே கழண்டுக்கும்.

முதல்ல வர்ற ரெண்டு இலை வித்திலை, அதைப் பார்த்துட்டு தொட்டிக்கு மாத்திராதீங்க, அதுக்கப்புறம் நிஜ இலை ரெண்டு மூணு வரட்டும். மாத்தும்போது இலையைப் பிடிச்சுத் தூக்குங்க, இலை போனா வேற இலை வரும், தண்டு நசுங்கிட்டா அவ்வளவுதான். அப்புறம் கப்பு மேல பேர் எழுதுறவங்க தண்ணியில அழியாத மார்க்கர்ல எழுதுங்க, நான் சாதாப் பேனாவுல எழுதி எல்லாம் கரைஞ்சு போச்சு, குடைமிளகாயும் கார மிளகாயும் நாத்துல பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், காய் தொங்கினப்புறம்தான் எது எதுன்னே தெரிஞ்சுது.