பூங்கா ரயில்: பொம்மை என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

பூங்காவுக்குச் சின்ன ரயில் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினுக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்பதை. அடுத்து, புகை வருமா, கூவுமா என்பதை. பிரேக் எத்தனை சக்கரங்களில் இருக்க வேண்டும் என்று இதுவரை ஒருவரும் தாமாகக் கேட்டதில்லை. மதுரைக் கோட்டத்தில் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) காலம் தொட்டுத் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாராவது தோட்டத்திலோ பொழுதுபோக்குப் பூங்காவிலோ ரயில் ஓட்ட ஆசைப்பட்டால் ஒரு முறை வந்து பார்த்துச் சொல்லும்படி அழைக்கிறார்கள். அப்படிப் போய்ப் பார்த்த இடங்களில் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை ஒரே நினைப்பிலிருந்து கிளைத்தவை: அளவில் சிறியதாக இருப்பதால் இது ரயில் அல்ல, விளையாட்டுச் சாமான் என்ற நினைப்பு.

திருமங்கலம் பக்கம் ஒரு தோட்டம். கண்மாய்க் கரை மேட்டிலிருந்து வாசல் வரை 50-க்கு 1 சரிவில், அதாவது 50 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் இறக்கத்தில், தண்டவாளம் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு அது சரிவாகவே தெரியாது. எஞ்சின் ஒன்றரை டன். நான்கு பெட்டிகளும் ஆட்களும் சேர்ந்தால் மொத்தம் ஆறு டன். பிரேக் எஞ்சினில் மட்டும்தான் இருந்தது. "பொம்மை ரயிலுக்கு எதுக்குண்ணே பெட்டிக்குப் பெட்டி பிரேக்கு?" என்று உரிமையாளர் கேட்டார். கையிலிருந்த ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆறு டன்னை அந்தச் சரிவு கீழே இழுக்கும் விசை 120 கிலோ. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள பிடிப்பு, காய்ந்திருக்கும்போது ஓரளவு இருக்கும். தூறல் விழுந்து, மேலே வேப்பிலையும் நசுங்கிக் கிடந்தால் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அப்போது ஒன்றரை டன் எஞ்சின் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் 150 கிலோவுக்கு மேல் நிறுத்தும் விசை கிடைக்காது. சரிவு இழுப்பது போக மிஞ்சுவது 30 கிலோ. மணிக்கு 10 கிலோமீட்டரில் இறங்கி வரும் வண்டி, அந்த 30 கிலோவை நம்பி நிற்பதற்கு ஏறக்குறைய 80 மீட்டர் ஓடும். எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருந்தால் அதே ஈரத்தில் 5 மீட்டரில் நின்றுவிடும். அவருடைய தோட்டத்தில் சரிவு முடியும் இடத்துக்கும் டிக்கெட் வரிசைக்கும் நடுவே 25 மீட்டர்தான் இருந்தது. அதன் பிறகு அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

பிரேக் எல்லாப் பெட்டியிலும் இருந்தால் மட்டும் போதாது. அது தானாக விழும் பிரேக்காகவும் இருக்க வேண்டும். எங்கள் காலத்துப் பெட்டிகளில் வாக்வம் பிரேக் இருந்தது. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து வைத்திருக்கும் வரை பிரேக் விலகி நிற்கும். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்து பெட்டி பிரிந்தால் குழாயும் பிரிந்து, காற்று உள்ளே புகுந்து, பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். சின்ன ரயில் விற்பவர்களில் சிலர் இதற்கு நேர்மாறாக, ஓட்டுநர் மிதித்தால் மட்டும் பிடிக்கும் அமைப்பைக் கொடுக்கிறார்கள். ஏற்றத்தில் கப்ளிங் ஆணி கழன்றால், பின்னால் போகும் பெட்டிகளுக்கு எந்தப் பிடிமானமும் கிடையாது. "ஊட்டி ரயில் மலையே ஏறுதே" என்பது இந்த இடத்தில் தவறாமல் வரும் பதில். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே அது 12-க்கு 1 ஏற்றத்தில் ஏறுவது, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் கடித்துக்கொண்டு போவதால்தான். வெறும் சக்கரப் பிடிப்பை நம்பி அந்தச் சரிவை யாரும் போடவில்லை.

அடுத்தது மண்ணும் வெயிலும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் எடுப்பதே இல்லை. திருமங்கலத்திலிருந்து விருதுநகர் வரை கரிசல் பூமி. ஐப்பசி மழைக்கு ஊறி உப்பும், சித்திரை வெயிலுக்குக் காய்ந்து கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் நேரடியாக ஜல்லி கொட்டி, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பரைப் போட்டால், ஒரே மழைக்காலத்தில் ஒரு பக்கத் தண்டவாளம் தாழ்ந்துவிடும். ஜல்லிக்கு அடியில் கரிசலை வெட்டி எடுத்துவிட்டுக் கிராவலை நிரப்பி, மழைநீர் தேங்காமல் இருபுறமும் வாய்க்கால் எடுத்த பிறகே தண்டவாளத்தை நினைக்க வேண்டும். ஜல்லிக்குப் பதிலாகக் கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறுதான். கரிசலில் அந்தத் தளமே விரிசல் விடும், விட்ட விரிசலை ஜல்லியைப் போலக் குத்திச் சரிசெய்யவும் முடியாது.

வெயிலின் வேலை இன்னும் நுட்பமானது. இணைப்புகளில் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதென்று, சுற்றுப் பாதை முழுவதையும் இடைவெளியே இல்லாமல் வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். இரும்பு, ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீளும். கேட்க அற்பமாக இருக்கும். மார்கழி விடியலில் 20 டிகிரியில் கிடக்கும் தண்டவாளம் மே மாத மதியத்தில் 60 டிகிரியைத் தொடும். 200 மீட்டர் சுற்றுப் பாதையில் அந்த 40 டிகிரி வித்தியாசத்துக்கு நீட்சி 9 சென்டிமீட்டர். போக இடமில்லாத அந்த நீளம், ஜல்லி பலவீனமாக இருக்கும் இடத்தைத் தேடி அங்கே தண்டவாளத்தைப் பாம்பு போல நெளிக்கும். பெரிய ரயில்பாதையிலும் நீளமாக வெல்டிங் வைக்கிறார்களே என்றால், அங்கே தண்டவாளத்தை அசையவிடாமல் பிடிக்கும் கனமான கான்கிரீட் ஸ்லீப்பரும், ஆழமான ஜல்லியும், தண்டவாளத்தின் வெப்பநிலையைப் பார்த்து இறுக்கும் முறையும் இருக்கின்றன. பூங்காவுக்கு ஃபிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டையை வைத்து போல்ட் போட்ட இணைப்பும் அந்த 'டக் டக்' சத்தமும்தான் சரி. குழந்தைகளுக்கும் அந்தச் சத்தம்தான் பிடிக்கிறது.

கேஜை, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலத்தைப் பொறுத்தவரை, இடம் குறைவு என்பதற்காக மிகக் குறுகியதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் மேல் அகலமான பெட்டியை உட்கார வைப்பது பரவலான தவறு. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் 1955 முதல் பூங்காவைச் சுற்றி ஓடும் நீராவி ரயிலின் கேஜ் 914 மில்லிமீட்டர். அமெரிக்கப் பூங்காக்களிலும் விலங்குக் காட்சிசாலைகளிலும் நிறையக் காணப்படும் 'சி.பி. ஹண்டிங்டன்' வகை ரயில், பார்வைக்கு நீராவி எஞ்சினாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு எஞ்சின். அதன் கேஜ் 610 மில்லிமீட்டர், நம் டார்ஜிலிங் ரயிலின் அதே அளவு. இங்கே 381 மில்லிமீட்டரில், ஒன்றேகால் அடியில், பெரியவர்கள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பெட்டியை ஓட்டுகிறார்கள். இருக்கை தாழ்வாக, ஏறக்குறைய சக்கரங்களுக்கு நடுவே இருந்தால் அதுவும் ஓடும். ஒரு திருவிழாக் கடைத் திடலில் நான் பார்த்த ரயிலில், ஒவ்வொரு பெட்டியின் கூரை மீதும் ஃபைபரில் செய்த ஜல்லிக்கட்டுக் காளை நின்றது. அழகுதான். ஆனால் எடையை மேலே ஏற்ற ஏற்ற வண்டி சாய்வதற்கு வழி எளிதாகிறது. படம் எடுப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் குனியும் நேரமும் வளைவும் ஒன்றாக வந்துவிடக் கூடாது.

வளைவில் வேகத்தின் கணக்கு நேர்க்கோட்டில் போவதில்லை. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 10 கிலோமீட்டர் வேகத்தில், 60 கிலோ எடையுள்ள ஒருவரை வெளிப்பக்கம் தள்ளும் விசை இரண்டரை கிலோவுக்கும் குறைவு. கூட்டம் அதிகம், இன்னொரு சுற்று சீக்கிரம் முடிக்கலாம் என்று 20 கிலோமீட்டருக்குப் போனால் அது 9 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கு, தள்ளும் விசை நான்கு மடங்கு. மாலையில் கூட்டம் கூடும்போது ஓட்டுநரை அவசரப்படுத்தும் முதலாளிகள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

மோனோரயில் ஆசை வேறு வகை. டிஸ்னிலாந்தில் 1959-இல் அது தொடங்கியதிலிருந்து உலகமெங்கும் பூங்காக்காரர்களுக்கு அந்த ஆசை விட்டபாடில்லை. நம் பக்கத்து மலையிலேயே இதற்கு ஒரு பழங்கதை உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாள ரயில்தான் போட்டார்கள்; எடையில் பெரும்பகுதியைத் தண்டவாளம் தாங்க, சாயாமல் இருக்க ஒரு சக்கரம் பக்கத்துத் தரையில் உருள, மாடுகள் இழுத்தன. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வண்டியேறியது அந்தத் தேயிலை. 1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு 610 மில்லிமீட்டர் இரட்டைத் தண்டவாளமாக மாற்றினார்கள். 1924 வெள்ளம் அதையும் கொண்டுபோயிற்று.

இன்றைய மோனோரயில் கான்கிரீட் உத்தரத்தின் மேல் கால் பரப்பி உட்கார்ந்து ஓடுவது. அதில் தடம் மாற்றுவதென்றால் சிறு நாக்குத் தண்டவாளத்தை நகர்த்துவது போல அல்ல, உத்தரத்தையே நகர்த்த வேண்டும். ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2009 ஜூலை 5 அன்று, தடம் மாறியிருக்க வேண்டிய உத்தரம் மாறாமலே ஒரு வண்டி பின்னோக்கி வந்து, நிலையத்திலிருந்த இன்னொரு வண்டியில் மோதி, ஓட்டுநர் ஒருவர் இறந்தார். பயணிகளை இறக்குவதும் எளிதல்ல. 2025 ஆகஸ்டில் மும்பை மோனோரயில் அளவுக்கு மீறிய கூட்டத்தால் பாலத்தின் மேல் நின்றபோது, தீயணைப்புப் படையின் ஏணி வண்டிகளைக் கொண்டு 500-க்கும் மேற்பட்டோரை இறக்க வேண்டியிருந்தது. வண்டியின் தாங்குதிறன் 104 டன், அன்று ஏறியிருந்தது 109 டன் என்று நிர்வாகம் சொன்னது. தீயணைப்பு வண்டி உள்ளே வர வழியில்லாத பூங்காவில், உத்தரத்துப் பக்கத்தில் இறங்கி நடக்கப் பாதையும் இல்லாமல், மோனோரயில் கட்டுவது சரியல்ல என்பது என் கருத்து. அதன் தூண்களுக்கும் அதே கரிசல் காத்திருக்கிறது.

டிராமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடியது தண்டவாளத்தில் ஓடிய டிராம். வாகன நிறுத்தத்திலிருந்து வாசல் வரை டயர் வண்டியில் கூட்டிச் செல்வதைப் பூங்காக்காரர்கள் டிராம் என்று அழைப்பது வெறும் பெயர். தண்டவாளம் இல்லாததால் இது ஆபத்தற்றது என்று நினைப்பதில்தான் தவறு இருக்கிறது. திரும்பும்போது ஒவ்வொரு பெட்டியும் முன்பெட்டியின் தடத்தைவிடக் கொஞ்சம் உள்ளே வெட்டும். நான்காவது பெட்டி வரும்போது, எஞ்சின் தாராளமாகத் தாண்டிப் போன மூலையில் நிற்பவரின் கால் மேல் சக்கரம் ஏறும் நிலை வந்துவிடும்.

ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள் குறைவு, ஆனால் பெற்றோர் நினைப்பது போல அவை குழந்தைகளின் தவறுகள் அல்ல. ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே குழந்தையைப் படம் எடுப்பதும், நிற்பதற்குள் இறங்குவதும், அடுத்த பெட்டிக்குப் போகக் கப்ளிங்கைத் தாண்டுவதும் பெரியவர்கள்தான். துப்பட்டாவும் முந்தானையும் பெட்டிக்கு வெளியே தொங்காமல் மடியில் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தாழ்வான பெட்டியில் சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குகைக்குள் நுழையும் முன் கையை உள்ளே இழுக்கச் சொல்லிப் பலகை வைத்தால் போதும் என்று நடத்துபவர்கள் நினைப்பதும் தவறு. கை நீண்ட ஒருவரை ஓரத்தில் உட்கார வைத்து, கையை முழுக்க நீட்டச் சொல்லி, வண்டியை ஆள் நடக்கும் வேகத்தில் தள்ளிப் பார்த்து, எங்கேயும் தொடவில்லை என்று தெரிந்த பிறகே குகையைத் திறக்க வேண்டும். நடைபாதை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் குழந்தை வண்டியைச் சாய்வாகத் தள்ளினால் முன்சக்கரம் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் சிக்கும்; நேர்குறுக்காகத் தள்ளினால் சிக்காது.

பேரனைக் கூட்டிப் போகும்போதெல்லாம், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கடைசிப் பெட்டியருகே குனிந்து, சக்கரத்தில் பிரேக் கட்டை இருக்கிறதா, குழாய் கடைசி வரை வருகிறதா என்று பார்ப்பேன். அவனுக்கு வெட்கமாக இருக்கிறதாம். நான் குனிந்ததும், என்னைத் தெரியாதவன் போல ஐஸ் வண்டிப் பக்கம் போய் நின்றுகொள்கிறான்.