கூட்டுக்காரியை வரைந்து அச்செடுக்க அலுமினியத் தாள் போதும்

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி தன் தோழி சீலியா பர்ட்வெல்லைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். சீலியா துணிகளுக்கு டிசைன் வரைகிறவர், உடுத்துவதில் தனி ரசனை உள்ளவர். 1973-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஜெமினி அச்சுக்கூடத்தில் ஹாக்னி செய்த லித்தோகிராஃப் ஒன்றில் சீலியா சிகரெட் பிடித்தபடி இருக்கிறார், அவ்வளவுதான், ஆனால் பழகின ஆளைப் பார்க்கிற நிதானம் ஒவ்வொரு கோட்டிலும் தெரியும். அந்த மாதிரி நம் கூட்டுக்காரியை, அதாவது தோழியை, வரைந்து அச்செடுப்பதை நாகர்கோவிலில் நம் வீட்டு அடுக்களையிலேயே செய்யலாம்.

லித்தோகிராஃப் என்றால் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற விஷயத்தை வைத்து அச்செடுப்பதுதான்: எண்ணெய்ப்பசையால் வரைந்த இடத்தில் மை பிடிக்கும், ஈரமான இடத்தில் பிடிக்காது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் என்பவர் இதைச் சுண்ணாம்புக்கல்லில் செய்தார், நம் கல்யாணக் கார்டு அடிக்கும் ஆஃப்செட் மிஷினும் இதையே செய்கிறது. நமக்குக் கல்லுக்குப் பதில் சாப்பாடு பொதியும் அலுமினியத் தாள். சுருக்கமில்லாமல் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் சுற்றி, மங்கலான பக்கம் மேலே இருக்கும்படி ஒட்டிவிடுங்கள். அதைக் கையால் தொடவே கூடாது. என் முதல் படத்தில் என் கூட்டுக்காரியின் கன்னத்தில் என் விரல் ரேகை அச்சாகி வந்தது, விரலில் இருக்கிற எண்ணெய்ப்பசையே போதும்.

இனி வரைவது. கண்ணாடி, டைல்ஸில் குறி போடும் மெழுகுப் பென்சில் நல்லது, எண்ணெய்ப் பேஸ்டலும் ஆகும். அழிக்க முடியாது, அதனால் கோடு போடுவதற்கு முன் நிறைய நேரம் உங்கள் கூட்டுக்காரியையே பாருங்கள், பேச்சுக் கொடுங்கள், போட்டோவுக்கு நிற்பது போல விறைப்பாக உட்கார விடாதீர்கள். என் கூட்டுக்காரி தன் ஜாக்கெட்டைத் தானே தைப்பாள், கை வெட்டில் ஒரு சுருக்கு வைப்பாள், முகத்துக்குக் கொடுத்த கவனத்தை அந்தச் சுருக்குக்கும் கொடுத்தபோதுதான் படத்தில் அவள் வந்தாள். தலையில் தோவாளைப் பிச்சி வைத்திருந்தால் ஒவ்வொரு மொட்டையும் வரைய வேண்டாம், நாலைந்து தெளிவாக, மிச்சம் லேசான தேய்ப்பு. பின்னணி வெள்ளையாகவே இருக்கட்டும். அப்புறம், அச்சில் இடம் வலம் மாறும். இடது மூக்கு மூக்குத்தி வலதுக்குப் போகாமல் இருக்க, கண்ணாடியில் தெரியும் அவளைப் பார்த்து வரையுங்கள்.

வரைந்ததும் மேலே கோலா ஊற்றி உடனே தண்ணீரில் கழுவுங்கள். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சமையல் எண்ணெய் தொட்ட துணியால் கோடுகளைத் துடைத்துவிடுங்கள், படமே போனது போல இருக்கும், பயப்பட வேண்டாம். ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி, ரப்பர் ரோலரில் எண்ணெய் மையை மெல்லிசாக உருட்டினால் அவள் முகம் திரும்ப வரும். ஒற்றுவது, உருட்டுவது, இப்படி மாறி மாறிச் செய்யுங்கள், அலுமினியத் தகடு காய்ந்தால் எல்லா இடத்திலும் மை ஏறிவிடும். மை வேண்டுமென்றால் ஆஃப்செட் அச்சகத்தில் ஒரு கரண்டி கறுப்பு கேட்டு வாங்கலாம்.

லேசாக நனைத்து ஒற்றிய காகிதத்தைத் தகட்டின் மேலே வைத்து, கரண்டி முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். ஒரு தகட்டில் சில பிரதிகள்தான் வரும். நமக்கு இரண்டு மழைக்காலம், அந்த நாட்களில் மை காய நேரமாகும். புத்தகத்துக்குள் வைக்காமல் உள்ளறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.