ஊழியத்துக்குப் போன பிள்ளையின் கடிதம்: வீட்டில் இருப்பவர்களுக்குச் சில யோசனைகள்

என் மகன் 2022 ஆகஸ்டில் ஊழியத்துக்குக் கிளம்பினான். 2024 ஆகஸ்டில் திரும்பி வந்தான். அந்த இரண்டு வருஷத்தில் மின்னஞ்சலில் 97 கடிதம் எழுதினான். ஆரம்பத்தில் வந்த சில, அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ ஊரில் இருக்கும் ஊழியப் பயிற்சி நிலையத்திலிருந்து. மற்றவை பிலிப்பைன்ஸின் செபு தீவிலிருந்து.

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி யூட்டாவுக்கு வந்து 23 வருஷம் ஆகிறது. என் கணவர் வீட்டார் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். மார்மன் என்று சொன்னால்தான் வெளியாட்களுக்குப் புரியும். எங்கள் சபையில் பையன்கள் 18 வயதுக்குப் பிறகு இரண்டு வருஷம் முழுநேர ஊழியத்துக்குப் போவது வழக்கம். பெண்பிள்ளைகள் போனால் ஒன்றரை வருஷம். எந்த ஊர் என்று சபைதான் சொல்லும். செலவைக் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர். சென்னையிலும் கோவையிலும்கூட எங்கள் சபை இருக்கிறது. அங்கே பிள்ளையை அனுப்பிவிட்டு வாரம் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்பே ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். வாரம் ஒரு கடிதம் போதாது, இரண்டு வேண்டும். சித்தப்பா, அத்தை, வார்டு (எங்கள் பகுதிச் சபையை இப்படித்தான் சொல்வோம்) ஆட்கள், பள்ளிக்கூட சிநேகிதர்கள் எல்லோருக்குமாக ஒன்று. அப்பா அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒன்று, அது நாலு வரியாக இருந்தாலும் சரி. நாங்கள் இதைப் பேசவில்லை. மூன்றாவது மாதத்தில் அவன் எழுதிய கடிதத்தில், தன்னோடு இருக்கும் பையன் ராத்திரியில் அழுகிறான், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஒரு வரி இருந்தது. நான் முழுதாகப் படிக்காமல், வழக்கம்போல் அறுபது பேருக்கு அதை அனுப்பிவிட்டேன். சுற்றிச் சுற்றி அது அந்தப் பையனின் அம்மாவிடமே போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். என் மகனிடமும் கேட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தையும் இரண்டு தடவை படிக்காமல் யாருக்கும் அனுப்பியதில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள். மற்றவர்களைப் பற்றிய வரி இருந்தால் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. ஊழியக்காரர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத ஒதுக்கியிருப்பார்கள். பி-டே என்போம். பெரும்பாலும் திங்கட்கிழமை. செபுவில் திங்கள் காலை பத்து மணி என்றால் யூட்டாவில் குளிர்காலத்தில் ஞாயிறு இரவு ஏழு, கோடையில் எட்டு. முதல் மாதம் நான் திங்கட்கிழமை முழுக்க வேலையில் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். கடிதமோ முந்தின இரவே வந்து கிடந்தது. உங்கள் பிள்ளை இருக்கும் ஊருக்குக் கணக்குப் போட்டுக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கடிதம் வரவில்லை என்றால் பதறாதீர்கள். செபுவில் கரன்ட் போவது சாதாரணம். 2021 டிசம்பரில் ஒடெட் புயல் அடித்தபோது அந்தத் தீவின் பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தது. அவன் போன பிறகும் சில வீடுகளில் கூரைக்குப் பதில் தார்ப்பாய்தான் என்று எழுதினான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும், அந்த வாரம் எழுத்து குறைவாகத்தான் இருக்கும். புதன்கிழமை வரைக்கும் பொறுப்பது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அதுவரை சத்தமில்லை என்றால் மட்டும், அந்தப் பகுதி ஊழியக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். இரண்டு வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் அது தேவைப்பட்டது.

இனி, படிக்கும் விதம். முதல் தடவை எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் என் இளையவள்தான் படிப்பாள், அண்ணன் குரலிலேயே. இரண்டாவது தடவை தனியாக, நிதானமாக. அப்போது எழுதியதைவிட எழுதாததைக் கவனியுங்கள். ஊழியக்காரர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இருப்பார்கள். கூட இருப்பவரை கம்பேனியன் என்பார்கள். கம்பேனியன் பெயர் மூன்று வாரம் தொடர்ந்து கடிதத்தில் வரவில்லை என்றால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் வயிறு சரியில்லை. இதெல்லாம் எனக்குத் தானாகத் தெரியவில்லை, என் மாமியார் சொல்லிக்கொடுத்தது.

படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு ஜூன் மாதம் வந்த படத்தில், மூங்கில் பெஞ்சில் ஒரு வயதான அம்மாவின் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அவன் சிரிப்பைப் பார்த்தார்கள். நான் இடது ஷூவைப் பார்த்தேன். அடிப்பாகம் முன்னால் பிளந்து, உள்ளே நீலக் காலுறை தெரிந்தது. மழைக்காலத்தில் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தான். கேட்டால், "பரவாயில்லம்மா, தாங்கும்" என்றான். அவன் கணக்கில் பணம் போட்டு, அங்கேயே இந்த வாரமே வாங்கு, வாங்கிய ஷூவைப் படம் எடுத்து அனுப்பு என்று எழுதினேன். இங்கிருந்து பார்சல் அனுப்பினால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. எங்கள் வார்டில் இருக்கும் ஒரு பிலிப்பினோ அக்கா, ஊருக்குப் பெரிய பெட்டி கப்பலில் அனுப்புவார், பாலிக்பாயன் பெட்டி என்று பெயர். அதில் கொஞ்சம் இடம் கொடுத்தார். போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கெட்டுப்போகாத சாமானுக்கு அது போதும்.

பதில் எழுதுவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். சின்னதாகக் கேளுங்கள். படுக்கிற இடத்தில் ஜன்னல் இருக்கிறதா, அதில் என்ன தெரிகிறது? காலையில் முதலில் கேட்கிற சத்தம் எது? போன வாரம் யார் வீட்டில் சாப்பிட்டாய், என்ன போட்டார்கள்? ஒரு கடிதத்தில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாய் என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அந்தப் பிள்ளைகள் மேல் எவ்வளவு பாரமாக இறங்குகிறது என்பதை அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் சொல்கிறார்கள்.

என்ன போட்டார்கள் என்று கேட்டதற்கு ஒரு பதில் வந்தது. ஒரு வீட்டில் பூசணி, கத்திரி, வெண்டை எல்லாம் போட்டுத் தண்ணியாக ஒரு சூப் கொடுத்தார்களாம், அதில் மேலாக ஒரு பச்சை இலை. "அம்மா, இதன் பெயர் மலுங்கை. சின்னச் சின்ன உருண்டை இலை. ஆச்சி வீட்டுக் கிணத்தடியில் நின்ற மரத்தின் வாசனை" என்று எழுதியிருந்தான். முருங்கைக்கீரை! மலுங்கை, முருங்கை என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் தமிழில் சொல்லி வாட்ஸப்பில் குரல் பதிவாக பாளையங்கோட்டைக்கு அனுப்புவேன். அன்றைக்கு அம்மாவின் பதில் பத்து நிமிஷத்தில் வந்தது: "ஏட்டி, அப்போ பிள்ளை பட்டினி கிடக்கல. கீரை போடுற ஊருதான். இனி நான் நிம்மதியா தூங்குவேன்." அந்தப் பதிவை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குப் புரிகிற பாஷையில் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேருங்கள். அவர்கள் சொல்வதையும் திருப்பி அனுப்புங்கள். நாம் எழுதும் எதையும்விட அது பிள்ளையைத் தாங்கும்.

உங்கள் பதில் அவன் பி-டே தொடங்குவதற்கு முன்பே அங்கே போய்க் காத்திருக்க வேண்டும். நான் சனிக்கிழமை காலையில் எழுதுவேன். வீட்டுச் செய்தியைப் பெரிதாக எழுத வேண்டியதில்லை. தங்கச்சி பல்லுக்குக் கம்பி போட்டது, பக்கத்து வீட்டு ஆப்பிள் மரம் நம் பக்கம் சாய்ந்தது, இவைதான் அவனுக்கு வேண்டும்.

ஏக்கக் கடிதம் என்று ஒன்று கட்டாயம் வரும். எங்களுக்கு அவன் செபு போன மூன்றாவது வாரம் வந்தது. "ஒரு வார்த்தை புரியலம்மா. நான் வந்துடட்டுமா?" 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்கு வீடியோவில் பேசலாம். அதற்கு முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் போன். அன்று காலையில்தான் எங்களோடு அரைமணி நேரம் சிரித்துப் பேசியிருந்தான். பக்கத்திலேயே கம்பேனியன் உட்கார்ந்திருக்க, எப்படிச் சொல்வான்? பேச முடியாததைக் கடிதத்தில் எழுதினான். வீடியோவில் பார்த்துவிட்டோமே, கடிதம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படி ஒரு கடிதம் வந்தால் உடனே இரண்டு வரி அனுப்புங்கள், அவன் அந்த நேரம் இன்னும் திரை முன்னால் இருக்கலாம். "படித்தேன். நீ எழுதியது நல்லது. எது செய்தாலும் நாங்கள் உன்னோடு" அவ்வளவு போதும். அறிவுரையை அந்த இரவு எழுதாதீர்கள். மறுநாள் என் மாமியார் ஒரு ஃபைலோடு வந்தார். என் கணவர் 1993-இல் குவாத்தமாலாவில் ஊழியம் செய்தபோது எழுதிய கடிதங்கள். ஒவ்வொரு உறையிலும் வந்து சேர்ந்த தேதியைப் பென்சிலில் குறித்திருக்கிறார். பல கடிதங்கள் மூன்று வாரம் கழித்து வந்தவை. அதில் ஒன்று, முழுக்க முழுக்க வீட்டு நாயைப் பற்றி. நாய் எங்கே படுக்கிறது, என் கட்டிலில் ஏறுகிறதா, என்னைத் தேடுகிறதா. கடைசி வரியில் மை கலைந்திருந்தது. அதைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினோம். அடுத்த வாரம் அவன் கடிதம், "அப்பாவுமா?" என்று ஆரம்பித்தது.

ஆனால் தூக்கமே இல்லை, சாப்பிட முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி எழுதினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே மிஷன் தலைவரைக் கூப்பிடுங்கள். பாதியில் திரும்பி வந்த பிள்ளைகள் எங்கள் வார்டிலும் உண்டு. அவர்களைப் பார்த்து நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிற நேரம் அது இல்லை. பிள்ளையை வரவழைத்துச் சோறு போடுங்கள்.

2023 நவம்பரில் என் அப்பா இறந்துபோனார். அதை நான் மின்னஞ்சலில் எழுதவில்லை. சந்தைக்கடை ஓரத்தில் போனைத் திறந்து, தாத்தா போய்விட்டார் என்று அவன் தனியாகப் படிக்கக் கூடாது. மிஷன் தலைவரிடம் முதலில் சொன்னேன். அவரும் அவர் மனைவியும் அவன் இருந்த ஊருக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்த பிறகு வீடியோவில் நான் சொன்னேன். அந்த வாரம் வந்த கடிதத்தில் தாத்தாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது: சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகும்போது, வெயில் படாமல் அவன் தலையில் தன் துண்டைப் போடுவாராம். அது எனக்கே தெரியாது.

கடிதங்களைப் பத்திரப்படுத்துவது பற்றி. சபை கொடுக்கும் மின்னஞ்சல் கணக்கு ஊழியம் முடிந்த பிறகு நிலைத்திருக்காது. அதனால் வாரா வாரம் அச்சடித்துவிடுங்கள். தலைப்பில் தேதி, ஊர், கம்பேனியன் பெயர். படங்களையும் வேறொரு இடத்தில் இறக்கி வையுங்கள். கையால் எழுதிய கடிதம் வந்தால் லாமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். அமிலம் இல்லாத உறையில் போட்டு வெயில் படாத அலமாரியில் வையுங்கள். முக்கியமாக, நீங்கள் எழுதிய பதில்களையும் சேர்த்து வையுங்கள். என் மாமியார் ஃபைலில் மகன் கடிதங்கள் மட்டும்தான். அவர் எழுதியவையெல்லாம் குவாத்தமாலாவில் எங்கோ போய்விட்டன. நாய் படுத்த இடத்தைப் பற்றி என்ன பதில் எழுதினேன் என்று அவருக்கே இப்போது நினைவில்லை.

கடைசிக் கடிதம் மூன்றே வரி. விமானம் வரும் நேரம். கூட வருகிறவர்கள் பெயர். பிறகு, "வீட்டில் முருங்கைக்கீரை கிடைக்குமா?" யூட்டா குளிரில் முருங்கை மரம் நிற்காது. பிலிப்பினோ கடைக்குப் போய் உறையவைத்த பாக்கெட் இரண்டு வாங்கி வந்தேன். மேலே மலுங்கை என்று அச்சடித்திருந்தது. அவன் வந்த அன்று பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன்.