பங்குனி வெயிலில் மூன்றாம் பருவத் தேர்வு: 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி?

மார்ச் பிறந்துவிட்டால் பல வகுப்பறைகளில் ஒரே காட்சிதான். பழைய வினாத்தாளைத் தேடி எடுத்து, விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகளுக்கு இது உதவுவதில்லை. பாடத்தை வாயால் கேட்டால் அவர்கள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். தாளில் எழுதும்போது கேள்வி என்ன கேட்கிறது என்பது பிடிபடாமல் மதிப்பெண்ணை விடுகிறார்கள். அதனால் கடைசி ஆறு வாரத்தில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது வாசிப்பையும், கேள்வியைப் புரிந்துகொள்வதையும்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் எழுதுவது கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டைப் பக்கத்து ஈராசிரியர் பள்ளியை மனதில் வைத்து. ஒருவர் 1 முதல் 3 வரை பார்ப்பார், இன்னொருவர் 4, 5 இரண்டையும் ஒரே அறையில் வைத்து நடத்துவார். புதிதாகப் பணிக்கு வந்தவர்கள், மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தன்னார்வலர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

படி 1: நாட்களை எண்ணுங்கள்

தேர்வு அட்டவணை வருவதற்கு முன்பே ஒரு காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். யுகாதி, பங்குனி உத்திரம், புனித வெள்ளி, ரம்ஜான், உங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா என்று அந்தந்த ஆண்டில் எது எங்கே விழுகிறதோ அதை அடித்துவிடுங்கள். ஓசூர்ப் பக்கமாக இருந்தால் சந்திரசூடேஸ்வரர் தேர் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பதுதான் உண்மையான வேலைநாள்.

இதோடு இன்னொன்றையும் குறிக்க வேண்டும். மாசி, பங்குனியில் நம் மாவட்டங்களில் புளி உலுக்குவார்கள். வீட்டில் புளி தட்டி, ஓடு நீக்கி, கொட்டை எடுக்கும் வேலைக்குப் பிள்ளைகள் கைகளும் தேவைப்படும். "சார், ரெண்டு நாளு பொறுத்துக்கங்க, புளி முடிஞ்சதும் அனுப்பறேன்" என்று பாட்டிகள் வந்து சொல்வார்கள். அம்மா அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிற வீடுகளில் பேசுவதற்கு இருப்பவர் அந்தப் பாட்டிதான். அவரிடம் கோபப்படாதீர்கள். "காலையில பள்ளிக்கூடம் வரட்டும் பாட்டி, சாயங்காலம் உங்களுக்கு உதவுவான்" என்று பொறுமையாகச் சொன்னால் பலர் அனுப்பிவிடுகிறார்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்துவிட்டதையும் நினைவூட்டுங்கள். பிள்ளை பசியோடு உட்காராது என்பது பாட்டிக்குப் பெரிய ஆறுதல்.

படி 2: ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. பாடப்புத்தகத்தில் இல்லாத நாலைந்து வரிப் பத்தி ஒன்றை நீங்களே எழுதுங்கள். சந்தை, கிணறு, ஆடு என்று தெரிந்த விஷயமாக இருக்கட்டும். பாடப்புத்தகப் பத்தி வேண்டாம். அது பலருக்கு மனப்பாடம். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், உதவாதீர்கள், எங்கே தடுக்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் 1 முதல் 3 வகுப்புக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டே 4, 5-க்கும் வந்தது. அதில் பிள்ளைகளைத் தொடக்க நிலையிலிருந்து மேலே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். அந்தப் பிரிவு உங்களிடம் ஏற்கனவே இருக்கும். ஆனால் ஜூனில் அரும்பாக இருந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயேதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுபடி கேட்டுப் பாருங்கள்.

தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வரும். 'கொடி' என்பதைக் 'கெடி' என்றும், 'தோடு' என்பதைத் 'தேடு' என்றும் வாசிக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. முன்னால் இருக்கிற கொம்பைப் பார்த்ததும் ஒலியை முடிவுசெய்துவிடுகிறார்கள். பின்னால் வருகிற துணைக்காலைக் கண் தொடுவதே இல்லை. இதற்கு நூறு முறை எழுதச் சொல்வது வீண். எழுத்தை அட்டையில் பெரிதாக எழுதி, ஒரு விரலைக் கொம்பின் மேலும் இன்னொரு விரலைக் காலின் மேலும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு விரலும் இருந்தால் 'கொ'. காலின் மேலிருக்கும் விரலை எடுத்துவிட்டால் 'கெ'. தினம் ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் போதும், கண் தானாகவே இரண்டு பக்கமும் பார்க்கப் பழகிவிடும்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி என்று எங்கே போனாலும் பார்க்கலாம். அவர்கள் ழகரத்தில் தடுமாறினால் அதை வாசிப்புக் குறையாக எழுதிவைக்காதீர்கள். பொருள் புரிகிறதா என்று பாருங்கள், உச்சரிப்பு மெதுவாக வரட்டும்.

படி 3: கழித்தலைக் கையால் செய்யவையுங்கள்

கணக்கில் எல்லாவற்றையும் திரும்ப நடத்த நேரம் இருக்காது. ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இடமதிப்பை எடுங்கள். அதைச் சோதிக்க ஒரு கணக்கு போதும்: 502-இலிருந்து 267-ஐக் கழி.

பல தாளில் விடை 365 என்று இருக்கும். 7-இல் 2 போனால் 5, 6-இல் 0 போனால் 6, 5-இல் 2 போனால் 3. பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறது பிள்ளை. கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு விதியை உருவாக்கிக்கொண்டு ஒழுங்காகப் பின்பற்றுகிறது. அந்த விதி ஏன் தவறு என்று கையால் தொட்டுப் பார்த்தால்தான் அதை விடும்.

இந்தப் பருவத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லுங்கள். பத்துக் கொட்டையைக் காகிதத்தில் மடித்து ஒரு பொட்டலம் ஆக்குங்கள். பத்துப் பொட்டலத்தை ஒரு மஞ்சள் பையில் போடுங்கள். அது நூறு. ஐந்து பை, இரண்டு உதிரிக் கொட்டை. பொட்டலம் ஒன்றுகூட வெளியே இல்லை. இதுதான் 502.

இப்போது ஒரு பிள்ளையை அழைத்து, "ஏழு கொட்டை எடுத்துக் கொடு கண்ணு" என்று கேளுங்கள். கையில் இரண்டுதான் இருக்கிறது. பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்றால் வெளியே பொட்டலம் இல்லை. கொஞ்ச நேரம் விழிக்கும். நீங்கள் சொல்லாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை "பையைப் பிரிக்கலாம் சார்" என்று சொல்லும், அதுவரை காத்திருங்கள். ஒரு பையைப் பிரித்தால் பத்துப் பொட்டலம், அதில் ஒன்றைப் பிரித்தால் பத்துக் கொட்டை. இப்போது நாலு பை, ஒன்பது பொட்டலம், பன்னிரண்டு கொட்டை. ஏழு, ஆறு, இரண்டு என்று எடுத்தால் மிச்சம் 235. அதே வேலையை உடனே கரும்பலகையில் எண்களாக எழுதிக் காட்டுங்கள். கொட்டையையும் எண்ணையும் ஒரே நேரத்தில் பார்க்காவிட்டால் விளையாட்டு தனியாகவும் கணக்கு தனியாகவும் நின்றுவிடும்.

பின்னத்துக்கும் கையில் கிடைப்பதை எடுங்கள். நம் கிளிமூக்கு மாங்காய் ஒரு முனையில் வளைந்திருப்பதால் குறுக்கே வெட்டினால் சமமாக வராது. "இது பாதியா?" என்று கேட்டு வாதாட விடுங்கள். சமமான பாகமாக இருந்தால்தான் பின்னம் என்று அவர்கள் வாயிலிருந்தே வரும்.

படி 4: விடை எழுதாமல் கேள்வியை மட்டும் படிக்கும் பயிற்சி

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். மொழிப்பாடத்தில் 'பிரித்து எழுதுக', 'சேர்த்து எழுதுக' இரண்டையும் மாற்றிச் செய்கிற பிள்ளைகளுக்கு இரண்டுமே தெரியும். கட்டளைச் சொல்லைக் கண் தாண்டிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். பொருத்துக, நிரப்புக, வேறுபடுத்துக, எதிர்ச்சொல் தருக, ஓரிரு சொற்களில் விடை தருக என்று ஒவ்வொன்றையும் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். சீட்டு எடுத்த பிள்ளை, தான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும். விடையே வேண்டாம்.

கணக்கில் இதை இன்னும் கொஞ்சம் விரிவாகச் செய்ய வேண்டும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள்: "ராயக்கோட்டைச் சந்தைக்கு 36 கிரேட் தக்காளி வந்தது. ஒரு கிரேட்டில் 25 கிலோ. 12 கிரேட் விற்றுப்போனது. மீதி எத்தனை கிலோ?"

எழுதி முடிப்பதற்குள் சிலர் 73 என்பார்கள். கண்ணில் பட்ட மூன்று எண்ணையும் கூட்டியிருக்கிறார்கள். சிலர் 24 என்பார்கள். அவர்கள் பாதி தூரம் சரியாகவே வந்திருக்கிறார்கள், கேட்டது கிலோ என்பதை விட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து: எண்களைக் கையால் மறைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். "தக்காளி வந்துச்சு, கொஞ்சம் வித்துட்டாங்க, மிச்சம் எவ்வளவு எடைன்னு கேக்கறாங்க." தெலுங்கில் சொல்ல வருகிறதா, தெலுங்கிலேயே சொல்லட்டும். அப்புறம் கேட்பதைச் சுற்றி ஒரு வட்டம் போடட்டும்: கிலோ. அதற்குப் பிறகுதான் எண்களைத் திறக்க வேண்டும். 36-இல் 12 போனால் 24, 24-ஐ 25-ஆல் பெருக்கினால் 600 கிலோ. அப்பாவோடு சந்தைக்குப் போய் கிரேட் தூக்கிய பிள்ளைக்கு 73 கிலோ என்பது நம்ப முடியாத விடை என்று தானாகவே தெரியும். அந்த உணர்வைத்தான் தேர்வுத்தாளுக்குக் கொண்டுவர வேண்டும்.

நாளுக்கு இப்படி இரண்டு கணக்கு போதும். பத்துக் கணக்கு கொடுத்தால் மறுபடியும் எண்களைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 5: அறிவியலுக்கு வெளியே, சமூக அறிவியலுக்கு வீட்டுக்குள்ளே

வெயில் ஏறுவதற்குள், காலை பத்து மணிக்கு முன்பு, ஒருநாள் பள்ளியைச் சுற்றி நடத்திக் கூட்டிப் போங்கள். புங்கன் துளிர்த்திருக்கும், வேம்பு பூவிட்டிருக்கும், மாமரத்தில் வடு தொங்கும். பூ, காய், விதை என்று தாவரப் பாடத்தில் படித்ததெல்லாம் அங்கே நிற்கும். திரும்பி வந்ததும் ஒரே அளவு தண்ணீரை ஒரு தட்டிலும் ஒரு டம்ளரிலும் ஊற்றி வெயிலில் வையுங்கள். எது முதலில் வற்றும், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆண்டுகளை நினைவில் வைக்க முடியவில்லை என்று சொல்கிற பிள்ளைகளுக்கு நம் மாவட்டக் கதையே போதும். தர்மபுரி 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. சுவரில் நீளமாக ஒரு கோடு இழுத்து இந்த இரண்டு ஆண்டையும் குறியுங்கள். தாத்தா, அப்பா பிறந்த வருடத்தை வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். ஒரே ஊரில் பிறந்த தாத்தா சேலம் மாவட்டத்துக்காரர், அப்பா தர்மபுரி மாவட்டத்துக்காரர், பேத்தி கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரி என்று கோட்டில் பெயர் எழுதும்போது காலவரிசை என்பது என்னவென்று விளக்கவே வேண்டியிருக்காது. அதே முறையில் தென்பெண்ணை நந்திமலையில் பிறந்து நம் கே.ஆர்.பி. அணைக்கு (கிருஷ்ணகிரி அணை) வந்து, கடலூரில் கடலில் சேர்வதை ஒரு படமாக வரையச் சொல்லலாம்.

படி 6: சின்ன மாதிரித் தேர்வு

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு தொடங்குங்கள். பருவ முடிவில் எழுதுகிற தொகுத்தறித் தேர்வு 60 மதிப்பெண்ணுக்கு. முழுத்தாளையும் கொடுத்து உட்காரவைக்க வேண்டாம். இருபது நிமிடத்தில் முடிகிற ஐந்தாறு கேள்வி போதும். வினா எண் போடுவது, ஒரு விடைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வரி விடுவது, தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது ஆகிய மூன்றையும் இந்தத் தாள்களில்தான் பழக்க வேண்டும்.

சிவப்பு மையால் பெருக்கல் குறி போடாதீர்கள். தவறின் கீழே ஒரு கோடு மட்டும் இழுத்துத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். மறுநாள் முதல் பத்து நிமிடம் பிள்ளைகளே பக்கத்தில் இருப்பவரோடு பேசி அதைத் திருத்தட்டும். ஒரு வாரம் வராமல் இருந்து திரும்பிய பிள்ளையை நன்றாகப் படிக்கிறவன் பக்கத்தில் உட்காரவைப்பது வழக்கம். அதைவிட, அண்மையில்தான் அதே பாடத்தைப் புரிந்துகொண்ட பிள்ளையின் பக்கத்தில் உட்காரவையுங்கள். எங்கே இடறும் என்று அதற்குத்தான் புதிதாக ஞாபகம் இருக்கும்.

இந்த நாட்களில் பெற்றோர் வந்து "பெயில் ஆக்கிடுவீங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். 5-ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்தது இன்னும் பலர் மனதில் இருக்கிறது. அது 2020 பிப்ரவரியிலேயே ரத்தாகிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளை காதில் விழும்படியே சொல்லுங்கள்.

படி 7: தேர்வு முடிந்த பிறகு

விடைத்தாளைத் திருத்திக் கட்டிவைத்ததோடு விட்டுவிட வேண்டாம். அஞ்சாவது முடிக்கிற பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறார்கள். மாற்றுச் சான்றிதழோடு ஒரு துண்டுத்தாளும் எழுதிக் கொடுங்கள். "வாசிப்பு நன்றாக வருகிறது, கடன் வாங்கிக் கழிப்பதில் பூஜ்ஜியம் வந்தால் மட்டும் தயங்குவாள், வீட்டில் தெலுங்கு" என்று இரண்டு வரி இருந்தால் போதும். அந்தப் பள்ளி ஆசிரியர் ஜூனில் அவளைத் தொடக்கத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்காது. நாலாவது முடிக்கிறவர்களுக்கும் இதே தாளை எழுதி உங்கள் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.